பிடுங்காத பாத்தி

தொட்டுப் பாருங்க அக்கா, ஒண்ணும் ஆகாது. பறிக்க மட்டும் கூடாது.

பறித்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. தலையில் நிற்காது. சாமிக்கும் யாரும் போட மாட்டாங்க. செடியை விட்டு வந்த கொஞ்ச நேரத்திலேயே துவண்டு, பிழிந்து போட்ட கைக்குட்டை மாதிரி ஆகிவிடும். பேர் ஹாலிஹாக். செம்பருத்திக்கு ஏதோ சொந்தமாம். இந்தக் குளிரில்தான் நன்றாக வரும், உங்க மேட்டுப்பாளையத்தில் வராது. நீங்க மேட்டுப்பாளையம்தானே? முதல் பஸ்ஸில் மலை ஏறி வருகிறவங்க எல்லாரும் அங்கேயிருந்துதான் வருவாங்க.

அட்மிஷனுக்கா? தெரியும். இன்றைக்குத்தான் அப்ளிகேஷன் கொடுக்கிறாங்க. ஆபீஸ் திறக்க இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார், கெஞ்சினாலும் விடமாட்டார். இந்த ஸ்டூலில் உட்காருங்க. பரவாயில்லை, நான் உட்காரவில்லை. இன்றைக்கு எனக்கு நிற்கிற வேலை.

பொண்ணு எத்தனாவது சேரப் போகுது?

ஒன்பதாவதா.

ம்.

இல்லை, சும்மாதான் கேட்டேன். நல்ல பள்ளிக்கூடம்தான். லேப் இருக்கு. பாத்ரூமில் தண்ணீர் வரும். சயின்ஸ் மிஸ் நன்றாக நடத்துவாங்க. இருக்கிறதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நானும் இதில்தான் படித்தேன், எல்.கே.ஜி.யிலிருந்து. அப்பா இந்தப் பள்ளிக்கூட பஸ் டிரைவர், பேர் சிவஞானம். இந்த வரிசை வீடு எல்லாம் ஸ்கூல் குவார்ட்டர்ஸ். என் பேர் நிரோஷினி. இப்போது படிக்கவில்லை. நானேதான் விட்டேன்.

அதாவது, அவங்க டி.சி. கொடுத்தாங்க. நான் விட்டேன்.

கேட்டுக்கு மேலே போர்டு பார்த்தீங்களா? பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி என்று சிவப்பில் எழுதியிருக்குமே, அதுதான். அந்த நூறை இரண்டு வழியில் வாங்கலாம். எல்லாருக்கும் புரிகிற வரைக்கும் சொல்லிக்கொடுத்து வாங்கலாம். இல்லாவிட்டால், பாஸ் பண்ண மாட்டாங்க என்று தோன்றுகிறவங்களை ஒன்பதாவதோடு வெளியே அனுப்பிவிட்டு வாங்கலாம். இரண்டாவது வழிக்கு சாக்பீஸ்கூட செலவில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு போன் வரும். "ஒன்பதாவது பாஸ்னு போட்டுத் தர்றோம், டி.சி. வாங்கிக்கங்க. இங்கயேதான் படிக்கணும்னா மறுபடி ஒன்பதாவதுதான்." எங்களுக்கு போன்கூட வரவில்லை. பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவை ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. கையை பேண்டில் துடைத்துக்கொண்டே போனார்.

நான் மக்கு இல்லை அக்கா. கணக்கு வராது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வரும். வரும், போகும்.

அன்றைக்கு ஆபீஸ் வராந்தாவில் என்னை நிற்க வைத்துவிட்டு அப்பா உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. பிரின்சிபால் மேடம் நிறைய பேசினாங்க. அப்பா பேசியது "சரிங்க மேடம்" மட்டும்தான். ஒவ்வொரு தடவை மேடம் மூச்சு வாங்கும்போதும் இவர் ஒரு சரிங்க மேடம். நான் எங்கே பார்க்கிறது? வராந்தாவுக்கு வெளியே ஹாலிஹாக் வரிசையாக நின்றது, அதைப் பார்த்தேன். உள்ளே போனால் நீங்களும் பார்ப்பீங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி, அசெம்பிளியில் நிற்கிற மாதிரி. அந்தச் செடி கீழேயிருந்து மேலே பூத்துக்கொண்டே போகும். உச்சியில் மொட்டு இருக்கும்போதே அடியில் காய் முற்றிக் காய்ந்துவிடும். நசுக்கினால் உள்ளே விதை வட்டமாக, தட்டை தட்டையாக, சக்கரம் மாதிரி அடுக்கியிருக்கும். முதல் காயைக் கோபத்தில்தான் பிய்த்தேன். நசுக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அப்புறம் அடுத்தது. அப்பா வெளியே வருவதற்குள் யூனிஃபார்ம் பாக்கெட் நிறைந்துவிட்டது.

திருட்டு என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்க. அவங்க எனக்கு ஒரு தாள் கொடுத்தாங்க. நான் ஒரு பாக்கெட் விதை எடுத்தேன்.

இந்த இடம் அப்போது இப்படி இல்லை. வரிசையில் இருக்கிற எல்லா வீட்டு அடுப்புச் சாம்பலும் இங்கேதான் விழும். உடைந்த ஓடு, கல், ஒரு பழைய டயர். கடப்பாரையால் குத்திக் குத்திக் கையெல்லாம் கொப்புளம். வேலியை ஒட்டி இந்த நீளத்துக்குக் கொத்தினேன். கொத்தி முடித்ததும் விதைத்தேன். எப்படி விதைத்தேன் தெரியுமா? எங்க குவார்ட்டர்ஸில் யாருக்கும் பூச்செடி தெரியாது. தெரிந்தது கீரையும் கொத்தமல்லியும். அம்மா கொத்தமல்லியைக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்து, கை நிறைய அள்ளி வீசுவாங்க. நானும் பாக்கெட்டில் கைவிட்டு அள்ளி வீசினேன். ஒரே வீச்சு. மேலே கொஞ்சம் மண்ணைத் தூவினேன். வேலை முடிந்தது.

அப்படி விதைக்கக் கூடாதாம். ஒவ்வொரு விதைக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் விடணுமாம். எனக்கு யார் சொன்னா?

எல்லாம் முளைத்தது. அதுதான் வினை. பாதியாவது முளைக்காமல் போயிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. பாத்தி முழுக்கப் பச்சைக் கம்பளம் போட்ட மாதிரி, ஒன்றுக்கு மேல் ஒன்று. பள்ளிக்கூடத் தோட்டக்காரர் போஜன் அண்ணன் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, சிறுகீரையா?"

"ஹாலிஹாக்."

"எங்கிருந்து வெத?"

"கெடச்சுது."

அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் செடியில் அடிக்காய் எல்லாம் மொட்டையாக இருந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "இப்படி விட்டா ஒண்ணும் தேறாது. ஒரு முழத்துக்கு ஒண்ண வெச்சுட்டு மிச்சத்தப் புடுங்கிரு" என்றார்.

"எதப் புடுங்கறது?"

"நோஞ்சானப் புடுங்கு."

"எது நோஞ்சான்னு யாரு சொல்றது?"

"யாரு சொல்லணும்? பாத்தாத் தெரியாதா?"

"எனக்குத் தெரியல."

"உனக்கு என்னதான் தெரியுது, டி.சி. வாங்குன கழுத!" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நானும் விளையாட்டுக்கு ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். அது அவர் தொப்பியில் பட்டது. அப்புறம் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவில்லை.

அவர் சொன்னது தப்பில்லை அக்கா. அதையும் சொல்லிவிடுகிறேன். நெருக்கமாக இருந்தால் காற்று புகாது, நோய் வரும், பூ சிறுக்கும். எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. இதோ இலையைத் திருப்பிப் பாருங்க. அடியில் ஆரஞ்சுப் புள்ளி, துரு பிடித்த மாதிரி. பள்ளிக்கூடத்துச் செடியில் பூ ஒவ்வொன்றும் சாஸர் அளவு இருக்கும். என்னுடையது அதில் பாதிகூடக் கிடையாது. கொஞ்சம் செடி தானாகவே செத்தது. செத்ததை எடுத்தேன். உயிரோடு இருந்ததில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்றேன், எடுக்கவில்லை.

ஏன் என்று கேட்காதீங்க. எல்லாரும் அதையே கேட்டாச்சு. என்னை வெளியே அனுப்பினதோடு இதைச் சேர்த்துப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். செடி செடி. நான் நான். எனக்குப் பிடுங்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் இலை பெரிதாகி, வெண்டை இலை மாதிரி சொரசொரவென்று வந்தது. ஒருநாள் நான் கடைக்குப் போய்விட்டு வருகிறேன், பாத்தியின் ஒரு மூலை மழித்த மாதிரி இருக்கு. அடுத்த வீட்டு ரோசம்மாக்கா வீட்டிலிருந்து பூண்டு தாளிக்கிற வாசனை. ரோசம்மாக்காதான் ஹாஸ்டல் சமையல். ஓடினேன்.

"அக்கா, என் செடியப் பறிச்சீங்களா?"

"கீரதானடி? இம்புட்டு மண்டிக் கெடக்கு, ஒரு கை எடுத்தா என்ன கொறஞ்சு போச்சு?"

"அது பூச்செடி!"

ரோசம்மாக்கா சட்டியைப் பார்த்தாங்க. கரண்டியைத் தூக்கினாங்க. கரண்டியோடு சட்டியே எழுந்து வருகிற மாதிரி கொழகொழவென்று நூல் இழுத்தது. "அதான் பாத்தேன். என்னடா இது, கீர கடையக் கடைய எச்சி மாதிரி வருதேன்னு" என்றாங்க. அதோடு விட்டாங்களா? அவங்க வீட்டுக்காரர் அதைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, வயிற்றுக்கு நன்றாகத்தான் இருக்கு, நாளைக்கும் பறி என்றாராம். நான் அன்றைக்கே முள் வெட்டி வந்து மற்ற பக்கமும் வேலி போட்டேன். இலைதான் போயிருந்தது, வேர் இருந்தது. திரும்ப வந்துவிட்டது.

ஆனால் பூக்கவில்லை. அந்த மழை முடிந்து ஐப்பசி மழையும் வந்துவிட்டது, பூ இல்லை. வெறும் இலை. இந்தச் செடி முதலில் பல மாதம் இலையாகவே உட்கார்ந்திருக்கும், வேரைத்தான் இறக்கும், முள்ளங்கி மாதிரி. அது எனக்கு அப்போது தெரியாது. தெரியாததால் எனக்கும் பயம்தான். வெளியே காட்டவில்லை. வரிசையில் போகிறவங்க வருகிறவங்க எல்லாரும், "என்னடி, கீர முத்திப்போச்சு போலிருக்கு?" என்பாங்க. "உங்களுக்கு வயசான மாதிரிதான்" என்பேன். வாய் எனக்கு அதிகம். அம்மாவும் அதைத்தான் சொல்லுவாங்க.

அம்மா பேர் இந்திராணி. ஹாஸ்டலில் ரோசம்மாக்காவுக்கு ஒத்தாசை. அவங்களுக்கு ஒரே பாட்டு. பஜாருக்குக் கீழே கவர்ன்மென்ட் ஸ்கூல் இருக்கு, அந்த ஹெச்.எம். டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து, பொண்ணை அனுப்புங்க, பத்தாவதில் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாங்க. நான் பாத்தியில் வேலையாக இருந்தேன். எழுந்துகூட வரவில்லை.

"போயேண்டி நிரோ" என்றாங்க அம்மா.

"இத யாரு பாக்கறது?"

"இதுவா? இது தானா வளருது. நீதான் வளராம ஒக்காந்திருக்க."

"எனக்கு வேல இருக்கும்மா."

"ஒத்தச் செடியப் புடுங்க மனசு வரல உனக்கு. உன்ன மட்டும் நீயே புடுங்கிப் போட்டுட்டு வெயில்ல கெடக்கற."

பாருங்க, அம்மாவுக்கு எதை எதோடு சேர்த்துப் பேசுகிறது என்றே தெரியாது. கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கு நான் ஏன் போகவில்லை? நேரம் இல்லை. தண்ணீர் ஊற்றணும், புழு பார்க்கணும், ரோசம்மாக்காவைப் பார்க்கணும். அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

அப்பாவா? அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டில் பேச்சே கிடையாது. டி.சி. வாங்கின நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு. ஒன்று சொல்கிறேன் கேளுங்க. முன்பெல்லாம் பஸ்ஸை இங்கேதான் நிறுத்துவார், இதோ இந்த வேலிக்கு முன்னாலே. காலையில் இங்கேயே ஸ்டார்ட் பண்ணி, சூடாகட்டும் என்று உறுமவிட்டு, அப்புறம்தான் கிளம்புவார். நான் பாத்தி போட்டதும் இங்கே நிறுத்துவதையே விட்டுவிட்டார். கீழே வளைவில் நிறுத்திவிட்டு, மழையானாலும் குளிரானாலும் நடந்து ஏறி வருவார். முட்டி வலி வேறு அவருக்கு. ஏன் என்று நினைக்கிறீங்க? மற்ற டிரைவர்கள் இந்த வழியாகத்தான் போவாங்க. படிப்பு ஏறாத பொண்ணு மண்ணில் உட்கார்ந்திருக்கிறதை அவங்களோடு சேர்ந்து பார்க்க வெட்கம். வேறென்ன?

என்ன சொன்னீங்க? புகையா?

டீசல் புகை செடிக்கு... இல்லை அக்கா. அதெல்லாம் அப்பாவுக்குத் தோன்றாது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

ஜனவரியில் உறைபனி விழும் இங்கே. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பு கொட்டின மாதிரி இருக்கும், வெயில் பட்டதும் கருகிவிடும். அப்போதுதான் அப்பா பஸ்ஸிலிருந்து கிழிந்த சீட் கவரை எல்லாம் சாயங்காலம் சாயங்காலம் கொண்டு வந்து வாசலில் போடுவார். போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். "வீடா குப்பமேடா இது?" என்று அம்மா கத்துவாங்க. நான்தான் அதை எடுத்துச் செடிக்குப் போர்த்தினேன். நல்லவேளை கிடந்தது. இல்லாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பனி போய், கோடை மழை ஒன்று விழுந்தது பாருங்க. அதுவரைக்கும் தரையோடு படுத்திருந்தது எல்லாம் எழுந்தது. நடுவிலிருந்து தண்டு விட்டு, நாளுக்கு நாள் மேலே மேலே. என் இடுப்பு, என் தோள், என் தலைக்கு மேலே. எல்லாம் ஒல்லி ஒல்லியாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, டவுன் பஸ்ஸில் கம்பி கிடைக்காதவங்க நிற்கிற மாதிரி. நான் பறித்தது வெறும் ரோஸ் பூச் செடியிலிருந்துதான். வந்ததைப் பாருங்க. ரோஸ் இருக்கு, வெள்ளை இருக்கு, இதோ இந்த மஞ்சள், அந்த மூலையில் கறுப்பு மாதிரி ஒரு சிவப்பு. அந்தக் கறுப்பு எது தெரியுமா? போஜன் அண்ணன் அப்புறம் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விரல் நீட்டி, "மொதல்ல இதப் புடுங்கு" என்று காட்டினது. பள்ளிக்கூடத்தில் அந்த நிறம் கிடையாது. அவரே வந்து பார்த்துவிட்டு, "இது எங்கிருந்து வந்துச்சு?" என்றார். "நோஞ்சான்லருந்து" என்றேன்.

இவ்வளவுதான் கதையாக இருந்திருக்கணும். மேடம் காரில் போகும்போது கண்ணாடியை இறக்கினாங்க.

வசுமதி மேடம், பிரின்சிபால். நீங்க இன்றைக்குப் பார்ப்பீங்க. கெட்டவங்க இல்லை. சிரித்துத்தான் பேசுவாங்க. காரை நிறுத்தி இறங்கி வந்து, முதலில் என்னிடம், "ஸ்வெட்டர் போடக் கூடாதா நிரோஷினி, குளிர்ல இப்படி நிக்கிறியே" என்றாங்க. அப்புறம் பாத்தியைப் பார்த்தாங்க.

"நீயே போட்டியா? குட். ஆனா என்ன இது, காடு மாதிரி இருக்கு? அட்மிஷனுக்கு பேரன்ட்ஸ் எல்லாம் இந்த வழியாத்தான் வருவாங்கம்மா. மொதல்ல கண்ணுல படறதே இதுதான்."

"பூ இருக்கே மேடம்."

"பூ இருக்கு. நோயும் இருக்கு, கோணலும் இருக்கு. நல்லா நிக்கறதா ஒரு பத்து வெச்சுக்க, குச்சி கட்டு. மிச்சத்த எடுத்துடு. இருக்கறதுக்கும் அதான் நல்லது, எடுபடறதுக்கும் அதான் நல்லது."

"எடுபடறதுக்கு என்ன நல்லது மேடம்?"

மேடம் சிரித்தாங்க. பெரியவங்க பதில் இல்லாவிட்டால் சிரிப்பாங்க, கவனித்திருக்கீங்களா?

"எடுக்க மாட்டேன் மேடம்" என்றேன்.

"இது ஸ்கூல் எடம், நிரோஷினி."

"சாம்பல் கொட்டினப்பவும் ஸ்கூல் எடம்தான்."

அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. என்னிடம் எதற்குப் பேசணும்? அப்பா இருக்காரே. நேற்று முன்தினம், சனிக்கிழமை, அப்பா டிரிப் முடித்து வந்ததும், இதோ இந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தாங்க. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வாசலில். ரோசம்மாக்கா ஜன்னலில். மேடம் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாங்க.

"சிவஞானம், வெளியாள் வந்து எடுத்தா நல்லா இருக்காது. உங்க பொண்ணு செடி. நீங்களே உங்க கையால எடுத்துடுங்க. திங்கக்கிழமை பேரன்ட்ஸ் வர்றதுக்குள்ள சுத்தமா இருக்கணும்."

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். சரிங்க மேடம். அதைக் கேட்க வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அப்பா குனிந்தார். கடைசியில் இருந்த ஒன்றைப் பிடித்தார், ரொம்ப ஒல்லி, இலையெல்லாம் புள்ளி, நாலே மொட்டு. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அப்பா அதைப் பிடித்தபடியே இருந்தார். பிடுங்கவும் இல்லை, விடவும் இல்லை. மேடம் வாட்ச்சைப் பார்த்தாங்க.

அப்பா நிமிர்ந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

"இல்லீங்க மேடம்."

"என்ன இல்ல?"

"போன வருசம் நீங்க சொன்னீங்கன்னு செஞ்சேன். இத நான் செய்யல."

"சிவஞானம், நான் செடியப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"தெரியுதுங்க மேடம். என் கையால வேண்டாம்."

அவ்வளவுதான் பேசினார். என் வாழ்க்கையில் அப்பா இல்லை என்று ஒருத்தரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான். ரோசம்மாக்கா ஜன்னலை மெதுவாகச் சாத்தினாங்க.

மேடம் கோபப்படவில்லை. "பஸ் சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்க. குவார்ட்டர்ஸ் பத்தி அப்புறம் பேசலாம். திங்கக்கிழமை நானே ஆளக் கூட்டிட்டு வந்து எடுத்துக்கறேன்" என்றாங்க. இன்றைக்குத்தான் திங்கட்கிழமை. போஜன் அண்ணனைக் கூப்பிட்டாங்களாம். அவருக்குக் காலையிலிருந்து வயிற்று வலியாம், லீவு. நேற்று சாயங்காலம் பஜாரில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதனால் வெளியிலிருந்து ஆள் வரும்.

அப்பா உள்ளேதான் இருக்கார். காக்கிச் சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கு, போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் ஸ்கூல் நாளன்று இந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் சமையல்கட்டில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொடுக்கிறார். நான் அவரிடம் நன்றி எல்லாம் சொல்லவில்லை. அவர் சொன்னது எதைப் பற்றி என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது. ஆனால் அதைப் போன வருஷம் சொல்லியிருக்கணும். அன்றைக்கு வராந்தாவில் நின்றது நான். லேட் அக்கா. ரொம்ப லேட்.

ராத்திரி அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். அது வேறு விஷயம். வலிக்கிறது என்றார், தேய்த்தேன்.

வேறு இடத்துக்கு மாற்றி வைக்கலாமே என்கிறீங்களா? முடியாது. சின்னதில் மாற்றியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். இப்போது வேர் நேராக ஆழத்துக்குப் போயிருக்கு. தோண்டினால் அறுந்துவிடும். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் பாத்திரத்தைத் தூக்கலாம், கட்டிலைத் தூக்கலாம். இதைத் தூக்க முடியாது. இது நிற்கணும் என்றால் இங்கேதான் நிற்கணும். அதனால்தான் நானும் இங்கே நிற்கிறேன். ஆள் வந்தால் என்னைத் தாண்டித்தான் கை வைக்கணும். தாண்டிவிடுவாங்க, தெரியும். நான் என்ன, சுவரா? தாண்டட்டும். இன்றைக்கு வருகிற பேரன்ட்ஸ் எல்லாரும் பார்க்கிற நேரமாகப் பார்த்துத் தாண்டட்டும்.

உங்க பொண்ணை இங்கே சேர்க்கலாமா என்றா கேட்கிறீங்க? அதை என்னிடம் ஏன் கேட்கிறீங்க? சேருங்க. நன்றாகப் படிக்கிற பொண்ணுதானே? கணக்கு வருமா?

கொஞ்சம் கஷ்டமா.

சரி. உள்ளே போனதும் அப்ளிகேஷன் வாங்குவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்க. ஒன்பதாவதில் எத்தனை பேர், பத்தாவதில் எத்தனை பேர் என்று. கேட்டுவிட்டு மேடம் முகத்தைப் பாருங்க. சிரித்தாங்க என்றால் நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்க.

அதோ, கார். வெள்ளைக் கார்தான், மேடமுடையது. பின்னாலே ஒரு ஆட்டோ. அரிவாள் தெரியுதா? மூன்று பேர் இருக்காங்க போல.

எழுந்திருங்க அக்கா. அந்தப் பக்கம் கேட்கிட்ட போய்விடுங்க. என்னோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தால் உங்க பொண்ணுக்கு சீட் கிடைக்காது. நிஜமாகத்தான் சொல்கிறேன், கிடைக்காது. ஸ்டூலை அப்படியே விட்டுவிட்டுப் போங்க.

போங்க.

என்ன, போகச் சொன்னால் வேலிக்குள்ளே வந்து நிற்கிறீங்க?

சரி. நில்லுங்க. உங்க இஷ்டம். ஆனால் அந்த ஓரத்தில் சாயாதீங்க அக்கா, இந்தப் பக்கம் தள்ளி வாங்க. அங்கே இருக்கிறதெல்லாம் ரொம்ப நோஞ்சான்.